சந்தனத்துக்கு அடியில் 4500

ஐப்பசி 3, திங்கள்

விடியும்போதே தூறல். முழங்கால் இரண்டும் பிடித்துக்கொண்டன. சுவரைப் பிடித்து எழுந்தேன்.

தேதி நாள்காட்டித் தாளைப் பார்த்து எழுதியது. இந்த நோட்டில் இது பதினேழாவது பக்கம். பதினேழும் நான் எழுதியது. சும்மா இருக்கும்போது புரட்டிப் பார்க்கிறேன். இத்தனை எழுத்து என் கையிலிருந்தா வந்தது என்று இருக்கிறது. முதியோர் எழுத்து வகுப்பில் டீச்சர் சொன்னது: "தாத்தா, தெனமும் நாலு வரி எழுதுங்க. வேலையப் பத்தி எழுதுங்க. யாரும் படிக்க மாட்டாங்க." அறுபத்தெட்டு வயதில் எனக்கு என்று ஒரு ரகசியம்.

என் மனைவி ராஜம்மாவும் அதே வகுப்பு. பஞ்சாயத்துப் பள்ளியில் சாயந்திரம் ஆறு மணிக்கு. அவள் என்னைவிட வேகம். நான் ஒரு வரி முடிப்பதற்குள் அவள் மூன்று முடித்துவிட்டு என் நோட்டை எட்டிப் பார்ப்பாள். இனி அவளை ரா. என்று போடுகிறேன். முழுப் பெயரும் எழுத விரல் வலிக்கிறது.

வேலை. தேன்கனிக்கோட்டை ரோட்டில் அன்வர் பாயின் ஷெட். கம்பெனிகளில் கழிக்கும் பெட்டி மரத்தை பாய் வாங்கி வருவார். அதை அறுத்து, சரக்கு அடுக்கும் பேலட் அடித்துக் கொடுக்கிறோம். ஒரே ஒரு ரம்ப மிஷின். மூடிப்போன கம்பெனியில் இருந்து பழையதாக வந்தது. பதினைந்து வருடமாக நான்தான் ஓட்டுகிறேன்.

இன்று பதினொரு மணிக்குப் பிளேடு போய்விட்டது. கட்டைக்குள் தலை இல்லாத ஆணி. டக் என்று சத்தம். நிறுத்திப் பார்த்தால் மூன்று பல் இல்லை. இரண்டு மரத்தூளில் கிடைத்தன. மூன்றாவது எங்கே என்று தெரியவில்லை. கூட வேலை செய்யும் செல்வி கொண்டையை அவிழ்த்து உதறினாள், முந்தானையை உதறினாள். "எங்கிட்ட இல்ல பெரிப்பா" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் முன்னால் நின்று கட்டையைத் தள்ளுவேன். அவள் பின்னால் நின்று அறுந்து வருவதை இழுப்பாள். அந்த இடத்தில் முன்பு நின்றது அவள் புருஷன் முருகேசன். ஆறு வருடம் முன்பு இதே மாதிரி ஒரு பல் பறந்து அவன் இடது கண் போய்விட்டது. இப்போது ஒரு கம்பெனி கேட்டில் காவல் வேலை. அவன் நின்ற இடத்துக்கு மூன்று வருடம் முன் செல்வி வந்தாள்.

பாய் வந்து பிளேடைப் பார்த்தார். தலையில் கை வைத்தார். "அடுத்த திங்க லாரி வருதுண்ணா. நூத்தியிருவது பேலட்டு. நாளைக்கே ஒசூர் போயி ஒண்ணு பாருங்க. கைக்கு அடக்கமா பாருங்க. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல என்னால முடியாது."

ரா. தூங்கிவிட்டாள். நான் உட்கார்ந்து பட்டியல் எழுதினேன்.

பிளேடு 12 அங்குலம்
நடு ஓட்டை 1 அங்குலம்
பல் கம்மி (ஆணி மரம்)
1500

முன்பெல்லாம் உடைந்த பிளேடையே கோணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போவேன். இது மாதிரி ஒன்று கொடு என்று காட்டுவதற்கு. நாளை சட்டைப்பையில் ஒரு சீட்டு போதும். தோள் பிழைத்தது.


ஐப்பசி 4, செவ்வாய்

மழை இல்லை. மூட்டம். பஸ்ஸில் நின்றே போனேன்.

வழியெல்லாம் போர்டு படித்தேன். சிமெண்ட். பல் மருத்துவர். இங்கு சிறுநீர் கழிக்காதீர். எல்லாம் இத்தனை நாள் அங்கேயே இருந்திருக்கிறது.

ஒசூரில் மூன்று கடை. முதல் கடையில் சீட்டை நீட்டினேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு எழுதுனது?"

"நான்தான்."

"ஒவ்வொரு எழுத்தும் இட்லி சைசுல இருக்குதே பெரியவரே. ஒரு சீட்டுக்கு ஒரு வரிதான் வரும் போல."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படிக்க முடிந்ததா இல்லையா? முடிந்தது. அது போதும்.

பார்த்தவை:

அறுபது பல், நல்ல கம்பெனி. 3,200. பளபளப்பு. ப்ளைவுட்டுக்கு. நமக்கு வேண்டாம்.
நாற்பது பல், அதே கம்பெனி. 2,700. எதையும் தாங்கும் என்கிறார். பாய் தாங்க மாட்டார்.
வெறும் இரும்பு பிளேடு. 800. இரண்டு நாளைக்கு ஒருமுறை அரம் போட வேண்டும். என் தோளுக்கு ஆகாது.

மதியம் தொழிற்பேட்டைப் பக்கம் சாணைக் கடை. பழைய பிளேடுக்குப் புதுப் பல் ஒட்டித் தருவார்களா என்று கேட்கத்தான். சீட்டு போதும் என்று நேற்று எழுதினேன். ஆனால் இதற்காகப் பிளேடையும் தூக்கிக்கொண்டுதான் போனேன். சாணைக்காரர் பிளேடை விரலில் தொங்கவிட்டுத் தட்டினார். மணி மாதிரி வர வேண்டும். செத்த சத்தம் வந்தது. வெளிச்சத்தில் காட்டினார். பல் அடியில் மயிரிழை விரிசல். உடம்பு நீலம் பாரித்திருந்தது.

"இதுக்கு நான் பல்லு வெச்சிக் குடுத்தா நாளைக்கு என்னத் தேடி போலீஸ் வரும். சூடேறி வெந்துபோயிருக்குது. என்னா வேகத்துல ஓட்டுறீங்க?"

"நல்ல வேகம்ங்க. எங்க மிஷின் மாதிரி இந்தச் சுத்துல எதுவும் ஓடாது" என்றேன்.

அவர் பிளேடைத் திருப்பிக் கொடுத்தார்.

பஸ்ஸில் இடம் இல்லை. வீட்டுக்கு வந்து கால் நீட்டியதும் கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. வகுப்புக்குப் போகவில்லை. ரா. மட்டும் போனாள். வந்து சொன்னாள்: "டீச்சர் உன்ன எங்கன்னு கேட்டாங்க. மாமியார் ஊட்டுக்குப் போயிட்டாருன்னேன்." அவள் அம்மா செத்து முப்பது வருடம்.


ஐப்பசி 5, புதன்

அத்திப்பள்ளி. பார்டர் தாண்டினால் கொஞ்சம் மலிவு என்று பாய் சொன்னார். ஒசூர் போய் பஸ் மாறினேன். போர்டு எல்லாம் கன்னடம் ஆகிவிட்டது. நேற்று வரை படிக்கத் தெரிந்தவன் அரை மணி நேரத்தில் மறுபடியும் பழைய மாதப்பன் ஆகிப்போனேன். பேசத் தெரியும். அது போதும்.

கடைக்காரர் வயதானவர். ஒரு பிளேடு எடுத்து மேசையில் வைத்தார். பன்னிரண்டு அங்குலம், முப்பது பல், கெட்டித் தகடு. ஓட்டை பெரிசு. உள்ளே போட ஒரு வளையமும் தந்தார். போட்டால் சரியாக ஒரு அங்குலம். 1,100. மனசு குளிர்ந்துவிட்டது.

பிளேடு மேல் எழுத்து. ஆங்கிலம். எனக்குத் தெரியாது. எண் தெரிந்தது: 4800. பிளேடில் எண் இருப்பது எனக்குத் தெரியாததில்லை. கம்பெனிக்காரர்கள் தங்கள் கணக்குக்குப் போடுவது என்று நினைத்திருந்தேன். இப்போது எதைப் பார்த்தாலும் என்ன என்று கேட்கும் புத்தி வந்துவிட்டது. கேட்டேன்.

"யஜமான்ரே, நிம்ம மிஷின் ஸ்பீடு எஷ்டு?" என்றார். உங்கள் மிஷின் வேகம் எவ்வளவு என்று.

"கொத்தில்லா" என்றேன். தெரியாது.

அவர் பாதி தமிழுக்கு வந்தார். "ஒரு நிமிஷத்துக்கு நாலாயிரத்து எண்ணூறு சுத்துதான் இதுக்கு. அது மேல ஓட்டினா பல்லு ஹாரி ஹோகத்தே. பறந்துடும். யாரு கண்ணுலயாவது போவும்."

அவர் சாதாரணமாகச் சொன்னார். கடையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நான் அந்த ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாளே பர்த்தீனி" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்துவிட்டேன். நாளைக்கு வருகிறேன் என்று.

திரும்பும் வழியில் ஒரு போர்டும் படிக்கவில்லை.


ஐப்பசி 6, வியாழன்

குளிர் காற்று. மழை வரும் போல இருந்து வரவில்லை.

காலையிலேயே ஷெட். பாய் இன்னும் வரவில்லை. மிஷினுக்கு முன்பக்கம் நடுவில் ஒரு தகடு உண்டு. உள்ளங்கை அகலம். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும் இடம் அதுதான். வழவழப்பாக, இடுப்பு மட்டத்துக்கு இருக்கும். மிஷினுக்கு நெற்றி மாதிரி. வருடா வருடம் நான்தான் சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுப்பேன். பாய் கொஞ்சம் தள்ளி நிற்பார். பொரி, கடலை அவர் செலவு. பழைய சந்தனத்தைத் துடைக்கக் கூடாது என்று நானே ஒரு வழக்கம் வைத்திருந்தேன். அதன் மேலேயே பூசுவது. பதினைந்து வருடச் சந்தனம் ஓடு மாதிரி ஏறியிருந்தது.

தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்து, நாரால் தேய்த்தேன். மரக்கரண்டியால் சுரண்டினேன். மஞ்சளாக, சிவப்பாக, மறுபடி மஞ்சளாக உதிர்ந்தது. அடியில் பித்தளை. அதில் எழுத்து வெட்டியிருந்தது.

செல்வி அப்போதுதான் வந்தாள். அவள் பத்தாவது பாஸ்.

"என்னா பெரிப்பா, சாமியக் குளிப்பாட்டுறியா?"

"இத கொஞ்சம் படிம்மா."

குனிந்து படித்தாள். "ஸ்பிண்டில் ஸ்பீடு. மேக்ஸ். நாலாயிரத்து ஐந்நூறு." நிமிர்ந்தாள். "இதுக்கு மேல சுத்தக் கூடாதுங்கிறான். ஏன்?"

"சும்மா. பிளேடு வாங்கத்தான்." மோட்டார் தகட்டையும் படிக்கச் சொன்னேன். நிமிஷத்துக்கு 2880 சுற்று.

அவள் விளக்குமாறு எடுக்கப் போனதும் ரா.வின் தையல் டேப்பால் அளந்தேன். பெல்ட் ஓடும் சக்கரம்தான் புல்லி. மோட்டார் புல்லி எட்டு அங்குலம். மிஷின் புல்லி நாலு. மோட்டார் ஒரு சுற்று சுற்றினால் பிளேடு இரண்டு சுற்று. இது என் கைக்கு எப்போதோ தெரியும். கணக்காகத்தான் தெரியாது.

2880
2880
5760

மூன்று முறை கூட்டினேன். மூன்று முறையும் அதே.

இனி எழுதப் போவது இந்த நோட்டுக்கு மட்டும்.

அந்த எட்டு அங்குலப் புல்லி மிஷினோடு வந்தது இல்லை. வந்தது ஆறு அங்குலம். ஏழு வருடம் முன் ஆர்டர் அதிகமானபோது நான்தான் பழைய இரும்புக் கடையில் எட்டு அங்குலம் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினேன். யாரும் சொல்லவில்லை. என் யோசனை. வெண்ணெய் மாதிரி அறுத்தது. பாய் கைதட்டினார். "மாதப்பண்ணா கை வெச்சா மிஷினே பறக்குது" என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொன்னார். அடுத்த வருடம் முருகேசன் கண்.

ஆணி என்று சொன்னோம். ஆணி இருந்தது உண்மை. நான் பார்த்தேன். ஆனால் ஆணி அதற்கு முன்பும் இருந்தது. பல் தேயும், மழுங்கும், உடைந்து கீழே விழும். பறந்தது இல்லை.

ஆறு அங்குலம் எங்கே என்றும் தெரியும். வீட்டில் கோழிக்கூண்டு மூடி மேல் பாரமாக.

மதியம் பாயிடம் சொன்னேன். தகட்டைக் காட்டினேன். கூட்டலைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மறுபடியும் கழற்றினார்.

"ஆணிண்ணா அது. ஆணி. ஆஸ்பத்திரியிலயும் அதத்தான சொன்னோம்."

"வேகமும்தான் பாய்."

"இப்ப கெளறி யாருக்கு என்னா? முருகேசு கண்ணு வருமா? செலவு எல்லாம் நான் பாத்தன். அவன் பொண்டாட்டிக்கு வேல குடுத்தன். இதுக்கு மேல நான் என்னா பண்ணணும்?"

"சின்ன புல்லி மாட்டிடலாம்."

"மெதுவா ஓட்டுனா நூத்தியிருவது எப்பிடி முடியும்? திங்கக்கெழம லாரி. ஒருதடவ லேட்டாச்சுன்னா அடுத்த ஆர்டர் வேற பெரிய யார்டுக்குப் போயிடும். அப்புறம் நீங்க, நான், செல்வி மூணு பேரும் ஊட்ல குந்த வேண்டிதான்." குரல் இறங்கியது. "விடுண்ணா. ஆறு வருஷம் ஓடல?"

அத்திப்பள்ளிக் கடைக்கே போன் போட்டார். 1,100 பிளேடை லாரிக்காரரிடம் கொடுத்து அனுப்பச் சொன்னார். நாளைக் காலை வருகிறது. சாயந்திரம் மாட்டச் சொல்கிறார். எட்டு அங்குலத்திலேயே. 4800 பிளேடு 5760 சுற்ற வேண்டும். பின்னால் செல்வி.

பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று ஷெட்டில் ஆணியில் தொங்குகிறது. முருகேசனுக்கு அப்புறம் பாய் வாங்கியது. கீறல் விழுந்து பால் மாதிரி ஆகிவிட்டது. போட்டால் கட்டையே தெரியாது. யாரும் போடுவதில்லை.

வகுப்பில் இன்று என்ன நடத்தினார்கள் என்று நினைவில்லை. ரா. கேட்டாள்: "உடம்புக்கு என்னா?" களைப்பு என்றேன். பொய் இல்லை.


ஐப்பசி 7, வெள்ளி

காலையில் நோட்டை எடுத்தேன். நேற்று நான் முடித்த இடத்துக்குக் கீழே இரண்டு வரி. என் எழுத்து இல்லை. சின்னதாக, சாய்ந்து.

படிச்சேன். கோழிக்கூண்டு மேல இருக்கறத எடுத்துகினு போ. செங்கல்லு வெச்சிட்டேன்.
ரா.

ரா. என்று கையெழுத்து. அப்படியானால் திங்கட்கிழமைப் பக்கத்தில் இருந்தே எல்லாம் படித்திருக்கிறாள். கல்யாணம் ஆகி நாற்பத்து நாலு வருடம். அவள் எனக்கு எழுதிய முதல் கடிதம். நான் எழுத்துக் கூட்டிக் கூட்டி நாலு தடவை படித்தேன். வெட்கமாக இருந்தது. என்னவோ சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் வரும் என்று தெரியவில்லை.

அடுப்படியில் இருந்தாள். திரும்பவில்லை.

"யாரும் படிக்க மாட்டாங்கன்னு டீச்சர் சொன்னாங்களே" என்றேன்.

"டீச்சர் எனக்குந்தான படிக்கச் சொல்லிக் குடுத்தாங்க." தோசையைத் திருப்பினாள். "இத்தினி வருஷம் அது மேல இருந்து என் கோழியக் காத்துச்சு. மிஷின்ல இருந்திருந்தா அந்தப் பையன் கண்ணக் காத்திருக்கும்."

தட்டில் நாலு தோசை போட்டாள். எப்போதும் மூன்று.

புல்லியைக் கோணிப்பையில் போட்டு எடுத்துப் போனேன். ஆறு கிலோ இருக்கும். இரண்டு இடத்தில் இறக்கிவைத்து மூச்சு வாங்கினேன்.

பிளேடு வந்திருந்தது. பாய் மதியம் ஜும்மா தொழுகைக்குப் போனார். அவர் வண்டி சத்தம் ரோட்டில் மறைந்ததும் மெயினை அணைத்தேன். எட்டு அங்குலம் துருப்பிடித்து இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டுச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றினேன். தோள் கழன்று வருகிற மாதிரி வலி. ஆறை ஏற்றினேன். பெல்ட் தொய்ந்தது. மோட்டாரைப் பின்னால் தள்ளி இறுக்கினேன். அதற்கு இடம் விட்டுத்தான் மிஷினைச் செய்திருக்கிறார்கள். செய்தவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

ஆறுக்கு நாலு என்றால் ஒன்றரைச் சுற்று. 2880ம் அதில் பாதியும் 4320. தகட்டின் 4500க்கும் உள்ளே. பிளேடின் 4800க்கும் உள்ளே. மலிவு பிளேடு போதும். வேகத்தைக் குறைத்தால் போதும். 2,700 பிளேடு தேவையே இல்லை.

செல்வி டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு பெரிப்பா சின்னது மாட்டுற?"

சொல்லிவிட்டேன். நின்றபடியே. கையெல்லாம் கரி. எட்டு அங்குலத்தை மாட்டியது நான். யாரும் சொல்லி மாட்டவில்லை. தகட்டில் எழுதியிருந்தது, எனக்குப் படிக்கத் தெரியாது, அதன் மேல் சந்தனம் பூசினேன். முருகேசன் கண்ணுக்கு ஆணி மட்டும் காரணமா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்றுதான் தோன்றுகிறது.

அவள் டிபன் பாக்ஸை மூடினாள். பாதிச் சோறு உள்ளே இருந்தது. குழாயில் கை கழுவினாள். செருப்பை மாட்டினாள். கேட்டைத் திறந்து போய்விட்டாள். கேட்டை மூடவில்லை. எப்போதும் மூடுவாள்.

பாய் தொப்பியைக் கழற்றாமலே வந்து சுவிட்சைப் போட்டார். சத்தம் வேறு. முன்பு கூச்சல். இப்போது முனகல்.

"மிஷினுக்கு என்னா, ஜுரமா?"

"சின்ன புல்லி மாட்டிட்டேன். இது இருந்தா நான் தள்றேன். பெருசு மாட்டுனா வேற ஆளப் பாருங்க பாய்."

கத்தினார். என் வயசுக்கு மரியாதை கொடுத்ததெல்லாம் தப்பு என்றார். எட்டு அங்குலத்தைக் காலால் தள்ளினார். கால்தான் வலித்தது. செல்வி எங்கே என்றார். சொன்னேன். அப்புறம் கத்தவில்லை. ஒரு கட்டை மேல் உட்கார்ந்தார். பித்தளைத் தகட்டைப் பார்த்தார்.

"அன்னைக்கு ஆட்டோவுல என் மடியிலதான் படுத்துகினு வந்தான்" என்றார்.

பிறகு எழுந்தார். "ஞாயித்துக்கெழமயும் வாங்க அப்ப. வேற என்னா பண்றது."


ஐப்பசி 8, சனி

மழை. செல்வி வரவில்லை.

பாயே பின்னால் நின்றார். வெள்ளைச் சட்டை மேல் மரத்தூள். அவருக்கு இழுக்கத் தெரியவில்லை. வேகம் குறைந்ததால் கட்டையை அழுத்திப் பிடித்து, பொறுத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. மத்தியானத்துக்கே என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. பதினான்கு பேலட்டுக்கு மட்டும் மரம். நூற்றிருபதுக்கு இது எங்கே.

புது பிளேடு நன்றாக இருக்கிறது. ஒரு ஆணியில் பட்டது. நின்று, முனகி, தாண்டிவிட்டது. முப்பது பல்லையும் எண்ணினேன். முப்பதும் இருந்தன.

ஆறு மணிக்கு ஒசூர். பிளேடு வாங்கி மிஞ்சிய பணத்தில் புதுப் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று வாங்க பாயிடம் காசு கேட்டிருந்தேன். கொடுத்தார். பக்கமும் மூடிய கண்ணாடி. போட்டுப் பார்த்தேன். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்துக் கடை போர்டைப் படித்தேன், போட்டுக்கொண்டே.

செல்விக்காக வாங்கியது. அவள் வராவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

ரா.விடம் செல்வி வரவில்லை என்றேன். "வருவா, இல்ல வர மாட்டா. நீ சொல்ல வேண்டியது சொல்லிட்ட" என்றாள். வெந்நீர் வைத்து மணிக்கட்டுக்கு ஒத்தடம் கொடுத்தாள். இதையும் படிப்பாள். படிக்கட்டும்.


ஐப்பசி 9, ஞாயிறு

மழை விட்டு வெயில். மரம் எல்லாம் ஈரம்.

ஏழு மணிக்குப் போனேன். கேட் திறந்திருந்தது. செல்வி உள்ளே இருந்தாள். மிஷினுக்குக் கீழே குனிந்து புல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரா.வின் டேப் நான் விட்டுப்போன இடத்திலேயே இருந்தது. அதை எடுத்து அளந்தாள். ஆறு. டேப்பைச் சுருட்டி வைத்தாள்.

அவளே சொன்னாள்.

"ஊட்ல அவர்கிட்ட வெள்ளிக்கெழமையே சொல்லிட்டேன். சோறு தின்னுகினு இருந்தாரு. கை அப்பிடியே நின்னுபோச்சு. அப்புறம் மீதியையும் தின்னாரு. கை கழுவிகினு வந்து, புல்லிய மாத்திட்டாரா இல்லியான்னு கேட்டாரு. மாத்திட்டாருன்னேன். நீ பாத்தியான்னாரு. பாத்தேன்னேன். அளந்தியான்னாரு. இல்லன்னேன்." நிறுத்தினாள். "அதான் அளந்தேன்."

"வேற என்னா சொன்னான்?"

"நேத்து என்ன வேலைக்குப் போவ வேணாம்னாரு. இன்னைக்கு அவரே எழுப்பி உட்டாரு."

"எம்மேல கோவமா…"

"அத நீ அவருகிட்ட கேளு பெரிப்பா. எங்கிட்ட கேக்காத."

பாய் வந்தார். அவளைப் பார்த்தார். மரம் அடுக்கப் போய்விட்டார்.

நான் முன்னால் போய் நின்றேன். அவள் பின்னால் போகவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் தள்றேன். நீ அங்க போ."

"உனக்குத் தள்ளத் தெரியாதேம்மா."

"மூணு வருஷமா எதிர்ல நின்னு உன் கையத்தான் பாத்துகினு இருக்கேன். போ."

கண்ணாடியை நீட்டினேன். உனக்குத்தான் வாங்கினேன் என்றேன். வாங்கித் திருப்பிப் பார்த்தாள். என் கையிலேயே வைத்தாள்.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குத்தான கண்ணாடி."

பதினைந்து வருடத்தில் அந்தப் பக்கம் நான் நின்றது இல்லை. நாலு எட்டு நடக்கும் தூரம்தான். அங்கிருந்து பார்த்தால் பல் தெரியாது. ஒரு வெள்ளைக் கோடு மட்டும். காற்று முகத்தில் அடிக்கிறது, மரத்தூளோடு. தள்ளுகிறவர் முகம் தெரியும். கையும் தெரியும். கட்டை வரும் வரை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நம்பிக்கொண்டு நிற்பதைத் தவிர அங்கே வேறு வேலை இல்லை.

அவள் நன்றாகத் தள்ளுகிறாள். என்னைவிட நிதானம். சாயந்திரத்துக்குள் முப்பத்தொரு பேலட்டுக்கு மரம். திங்கட்கிழமை லாரிக்குப் போதாது. புதன் வரை தவணை கேட்டு பாய் போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார். கிடைத்ததா என்று தெரியவில்லை. கேட்க எனக்கு உடம்பில் தெம்பு இல்லை.

ஒன்று மட்டும் எழுதிவிட்டுப் படுக்கிறேன். கண்ணாடி போட்டிருந்தேன். வேகம் குறைவு. பல் முப்பதும் இருக்கிறது. எல்லாம் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு கட்டை வரும்போதும் என் இடது கண் தானாக மூடிக்கொண்டது.